நாயின் கட்டில்

நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டில் வைத்தாலும் அது தன் குணத்தை விடாது என்னும் கருத்துடைய பழமொழி ஒன்று நம்மிடையே வழங்குகிறது. அதைச் சொல்லுகிறவர்கள் எல்லாரும் நாயின் குணத்தைப் பற்றியே பேசுகிறார்கள். நடுவீட்டில் வைக்கப்பட்ட அந்த நாய் எதன்மேல் படுத்தது என்று எவரும் கேட்பதில்லை. நானும் நெடுநாள் கேட்டதில்லை. கேட்டே தீரவேண்டிய நிலை என் வீட்டில் ஏற்பட்ட பிறகுதான், இந்தச் சிறு கேள்விக்குப் பின்னால் ஒரு நீண்ட வரலாறு இருப்பதை அறிந்தேன். அவ்வரலாற்றையும், அதை நான் தேடிப் போகக் காரணமாக இருந்த என் பிழையையும் இன்று சொல்ல எண்ணுகிறேன்.

எங்கள் வீட்டில் வீரன் என்று ஒரு நாய் இருந்தது. இராசபாளையத்து இனம். பால்வெள்ளை மேனி, இளஞ்சிவப்பு மூக்கு, நீண்ட கால்கள், ஒட்டிய வயிறு. இவ்வினத்தை நேரில் காணாதவர்களும் அதன் உருவத்தை அஞ்சல்தலையில் கண்டிருக்கக்கூடும். 2005-ஆம் ஆண்டு சனவரி 9-ஆம் நாள் இந்திய அஞ்சல் துறை நம் நாட்டு நாய்களுக்கென நான்கு அஞ்சல்தலைகளை வெளியிட்டது. இமயமலை ஆட்டு நாய், ராம்பூர் நாய், முதோல் நாய் ஆகிய மூன்றோடு நான்காவதாக நின்றது இராசபாளையத்து நாய். வீரனைக் குட்டியாக என் மைத்துனர் கொண்டுவந்து கொடுத்தார். ஒன்பது ஆண்டுகள் அவன் எங்கள் வாயிலைக் காத்தான். அந்த ஒன்பது ஆண்டுகளும் அவன் படுத்தது சிமெண்டுத் திண்ணையில்.

வயது ஏறியபோது அவன் எழுந்திருக்கத் தடுமாறுவதைக் கண்டு, மெத்தை ஒன்று தைத்துப் போடச் செய்தேன். இலவம் பஞ்சு மெத்தை. ஐப்பசி மழையில் அது நனைந்தது, நனைந்தது உலரவில்லை, உலராதது நாறியது. பஞ்சுக்குள்ளே தெள்ளுப்பூச்சி குடியேறியது. துவைக்க முடியாத அம்மெத்தையை இறுதியில் கொளுத்திவிட்டோம். பிறகு, ஈரம் ஏறாதபடி உயரமாக இருந்தால் நல்லது என்று கருதி, கடை ஒன்றில் மரக்கட்டில் வாங்கினேன். கடைந்தெடுத்த கால்கள், ஒன்றரை அடிக்கு மேல் உயரம், பார்வைக்கு மிக அழகு. வந்தவர்கள் எல்லாரும் புகழ்ந்தார்கள். எனக்கும் பெருமையாக இருந்தது. என் கடமை முடிந்தது என்று எண்ணினேன்.

அடுத்த மழைக்காலம் முடிந்த பின் ஒருநாள், வீரனின் முன்னங்கால் முழங்கையில் எலுமிச்சம்பழ அளவில் ஒரு வீக்கம் இருப்பதை என் மனைவி கண்டாள். கால்நடை மருத்துவரிடம் கொண்டுசென்றோம். அவர் அழுத்திப் பார்த்துவிட்டு, உள்ளே நீர் கோத்திருக்கிறது என்றார். பெரிய நாய் படுக்கும்போது அதன் உடற்பாரத்தில் பெரும்பகுதி முழங்கை எலும்பின் முனைமீது விழுகிறது. அங்கே தசையும் கொழுப்பும் குறைவு. கடினமான தரையில் நாள்தோறும் இடிபட்டால் முதலில் தோல் காய்த்துப் போகும், பின்னர் நீர் கோக்கும், புண்பட்டால் சீழ் பிடிக்கும் என்று விளக்கினார். இதை அறுப்பதைவிடத் தரையை மாற்றுவதே முதல் மருந்து என்றும் சொன்னார்.

“ஐயா, நான் கட்டில் வாங்கிக் கொடுத்து ஓராண்டு ஆகிறதே!” என்றேன்.

“அதில் அவன் படுத்ததை நீங்கள் பார்த்தீர்களா?” என்று கேட்டார்.

என்னிடம் விடை இல்லை. வீட்டுக்கு வந்ததும் அன்றிரவு விளக்கை எடுத்துக்கொண்டு திண்ணைக்குச் சென்று பார்த்தேன். கட்டில் வெறுமையாக இருந்தது. அதன் அடியில், குளிர்ந்த சிமெண்டின்மேல், கால்களை மடக்கிக்கொண்டு வீரன் படுத்திருந்தான். ஓராண்டாக அங்கேதான் படுத்திருக்கிறான். நான் அவனுக்கு வாங்கியது படுக்கை அன்று, ஒரு கூரை.

அன்று முதல், உயர்ந்த படுக்கை என்பது எதற்காகத் தோன்றியது, யாருக்காகத் தோன்றியது என்று படிக்கத் தொடங்கினேன்.

மனிதன் தரையை விட்டு எழுந்து படுத்தது மிகப் பழைய செய்தி. எகிப்து நாட்டில் துட்டங்காமன் என்னும் இளம் அரசனின் கல்லறையை 1922-ஆம் ஆண்டில் ஹோவர்டு கார்ட்டர் கண்டுபிடித்தபோது, உள்ளே பல கட்டில்கள் கிடைத்தன. ஏறத்தாழ 3,300 ஆண்டுகளுக்கு முற்பட்டவை அவை. மரச்சட்டம், விலங்கின் பாதம்போல் செதுக்கிய கால்கள், நடுவே கயிற்றுப் பின்னல் என்பது அக்காலத்துக் கட்டிலின் அமைப்பு. மடித்து எடுத்துச் செல்லும் கட்டில் ஒன்றும் அங்கே இருந்தது. நம் வீட்டுக் கயிற்றுக் கட்டிலுக்கு அவை தொலைவான உறவு என்று சொல்லலாம்.

நம் நாட்டுக் கட்டிலைப் பற்றி அயல்நாட்டார் எழுதிய குறிப்புகளுள் சுவையானது இபின் பதூதா எழுதியது. மொராக்கோ நாட்டிலிருந்து புறப்பட்ட அந்தப் பயணி 1333-ஆம் ஆண்டில் சிந்து வெளியை அடைந்து, பின்னர் தில்லியில் பல ஆண்டுகள் தங்கினார். இந்நாட்டுக் கட்டில் ஒரே ஆள் தூக்கிச் செல்லும் அளவுக்கு இலேசானது என்றும், நான்கு கால்களும் நான்கு குறுக்குச் சட்டங்களும் கொண்டது என்றும், பட்டாலோ பருத்தியாலோ பின்னப்படுவதால் தானே நெகிழ்ந்து கொடுக்கிறது என்றும் அவர் குறித்துள்ளார். அதனினும் எனக்குப் பயன்பட்டது மற்றொரு குறிப்பு. மெத்தைக்கும் போர்வைக்கும் இங்குள்ளவர்கள் தனி உறை போடுகிறார்கள். அழுக்கானால் உறையை மட்டும் கழற்றித் துவைத்துவிடுகிறார்கள். உள்ளே இருப்பது தூய்மையாகவே இருக்கிறது என்று அவர் வியந்து எழுதியிருக்கிறார். கழற்றித் துவைக்கும் உறை என்பது இன்று கடைக்காரர் புதுமையாகச் சொல்லும் செய்தி. தில்லியில் அது கிட்டத்தட்ட 700 ஆண்டுகளுக்கு முன்பே வழக்கமாக இருந்திருக்கிறது. என் இலவம் பஞ்சு மெத்தைக்கு அத்தகைய உறை ஒன்று போட எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் மனிதனுடைய கட்டில் உயர்ந்ததற்கு ஈரமும் பூச்சியும் மட்டும் காரணம் அல்ல. உயரம் பெருமைக்கும் அடையாளம் ஆயிற்று. தமிழில் அரியணைக்கு அரசுகட்டில் என்று பெயர். முரசை வைக்கும் இருக்கைக்கு முரசுகட்டில் என்று பெயர். முரசு நீராடச் சென்றிருந்த நேரத்தில், அக்கட்டில் இன்னது என்று அறியாமல் அதன்மேல் ஏறி உறங்கிய மோசிகீரனாரைத் தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறை வாளால் வெட்டாமல் விசிறியால் வீசினான் என்பது புறநானூற்றால் நாம் அறிந்த செய்தி. உயர்ந்த இடத்தில் உரிமை இல்லாதவர் ஏறினால் உயிர்க்கே கேடு என்ற நிலை இருந்ததனால்தான் அம்மன்னனின் செயல் புகழுக்கு உரியதாயிற்று. நான் வீரனுக்கு வாங்கிய கட்டிலும் இந்த வழியில் வந்ததே. அதன் உயரம் என் பெருமைக்கு ஏற்ற உயரம்; அவனுடைய காலுக்கு ஏற்ற உயரம் அன்று.

நாயின் படுக்கைக்கு வேறு ஒரு வரலாறு உண்டு. அதன் தொடக்கம் துயரமானது. கிரேக்க நாட்டு ஓமரின் ஒடிசி என்னும் காவியத்தில் ஆர்கசு என்று ஒரு வேட்டை நாய் வருகிறது. இருபது ஆண்டுகள் கழித்து மாறுவேடத்தில் திரும்பும் தன் தலைவனை மனிதர் பலர் அறியாதபோதும் அது அறிந்துகொள்கிறது. அப்போது அது படுத்திருந்த இடம் வாயிலுக்கு வெளியே உள்ள சாணக் குவியல். அதன் உடலெங்கும் பூச்சி மொய்த்திருந்தது. அந்நாயின் நன்றியைப் பாராட்டிப் பேசுகிறவர்கள் பலர். அது கிடந்த இடத்தை நினைப்பவர்கள் சிலரே.

அக்குறையை உணர்ந்தவர் போலப் பேசுகிறார், கி. பி. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஆரியன் என்னும் கிரேக்க எழுத்தாளர். அலெக்சாந்தரின் படையெடுப்பைப் பற்றி எழுதிப் புகழ்பெற்றவர் அவர். உரோமப் பேரரசில் கப்படோசியா மாநிலத்தை ஆண்டவர். ஓர்மே என்னும் வேட்டை நாயை அன்போடு வளர்த்தவர். வேட்டையைப் பற்றி எழுதிய சிறு நூலில், நாய்க்கு மென்மையும் வெதுவெதுப்பும் உள்ள படுக்கை வேண்டும் என்கிறார். மனிதனோடு சேர்ந்து உறங்குவது அதனினும் நல்லது என்கிறார். அதற்கு அவர் காட்டும் காரணங்களுள் ஒன்று என்னைத் தைத்தது. அருகில் படுப்பவனுக்கே இரவில் நாய் படும் வேதனை தெரியும் என்பது அக்காரணம். ஓராண்டுக் காலம் என் நாய் இரவில் எங்கே படுத்தது என்பதை அறியாமல் இருந்த நான், அந்தப் பக்கத்தில் சிறிது நேரம் நின்றுவிட்டேன்.

தரையை விட்டு நாயை உயர்த்த வேண்டும் என்பதை அளவோடும் காரணத்தோடும் எழுதிவைத்தவர்கள் இடைக்கால ஐரோப்பாவின் வேட்டைக்காரர்கள். பிரான்சின் தெற்கே, பைரனீசு மலையடியில் இருந்த ஃபுவா நாட்டுத் தலைவர் காசுத்தோன் ஃபேபுசு 1387-ஆம் ஆண்டு மே முதல் நாள் வேட்டை நூல் ஒன்றை எழுதத் தொடங்கினார். இங்கிலாந்தில் நான்காம் ஹென்றி மன்னருக்கு வேட்டைத் தலைவராக இருந்த யார்க்கு நகரக் கோமகன் எட்வர்டு, 1406-ஆம் ஆண்டை ஒட்டி அந்நூலில் பெரும்பகுதியை ஆங்கிலத்தில் பெயர்த்துத் தம் கருத்துகளையும் சேர்த்தார். அவர் 1415-ஆம் ஆண்டில் அசின்கூர் போர்க்களத்தில் மாண்டார். அவருடைய நூல் எஞ்சி நின்றது.

அந்நூலில் நாய்க்கொட்டிலுக்கு ஒரு முழு முறை வகுக்கப்பட்டிருக்கிறது. ஏழு வயது அளவில் உள்ள ஒரு சிறுவனைத் தேர்ந்து நாய்களைப் பார்த்துக்கொள்ளப் பழக்க வேண்டும். முதலில் அவன் எல்லா நாய்களின் பெயரையும் நிறத்தையும் அறிய வேண்டும். நாள்தோறும் கொட்டிலைத் தூய்மை செய்து, பழைய வைக்கோலை நீக்கிப் புது வைக்கோலைத் தடிப்பாகப் பரப்ப வேண்டும். நாய்கள் படுக்கும் இடம் தரைக்கு ஓரடி மேலே மரத்தால் அமைய வேண்டும். நிலத்தின் ஈரம் நாயின் உடம்பில் இறங்கினால் நோய் உண்டாகும் என்பதே அதற்குக் காரணமாகச் சொல்லப்படுகிறது. கழிவுநீர் ஓட மரத்தாலோ கல்லாலோ வடிகால் வேண்டும். கொட்டிலுக்கு அப்பால் நாள் முழுதும் வெயில் படும் பசும்புல் வெளி வேண்டும். இரவிலும் பகலிலும் ஒரு சிறுவன் அவற்றோடு இருக்க வேண்டும்.

இவ்வளவையும் படித்த பிறகு, உயர்ந்த படுக்கை என்பது நாயைப் பெருமைப்படுத்தும் பொருட்டு வந்தது அன்று என்பது எனக்குத் தெளிவாயிற்று. ஈரத்திலிருந்து பிரித்தல், அழுக்கை வடியவிடல், நாள்தோறும் தூய்மை செய்தல் ஆகிய மூன்று தேவைகளுக்காகவே அது பிறந்தது. அந்த அளவில் என் மரக்கட்டிலிலும் ஒரு நன்மை இருந்தது; ஈரம் அதில் ஏறவில்லை. பின் ஏன் வீரன் அதில் படுக்கவில்லை?

அதற்கு விடை 1781-ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆங்கில நூலில் இருந்தது. டார்செட்டு வட்டாரத்தில் வாழ்ந்த பீட்டர் பெக்ஃபோர்டு, நரி வேட்டையைப் பற்றிக் கடித வடிவில் எழுதியது அது. வேட்டையை நான் விரும்புகிறவன் அல்லன். ஆயினும் அவர் நாய்களின் படுக்கைப் பலகையைப் பற்றி எழுதிய சில வரிகளில், இன்று நாம் கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் விடை அடங்கியிருக்கிறது. பலகைகளுக்கு இடையே இடைவெளி வேண்டும். சிறுநீர் தேங்காமல் வடிவதற்கு. கீல் வைத்துச் சுவரோடு மடக்கி மாட்டும்படி அமைக்க வேண்டும், அடியில் கழுவுவதற்கு. இயன்ற அளவு தாழ்வாக இருக்க வேண்டும். களைத்து வந்த நாய் வருத்தமின்றி ஏறுவதற்கு. நாய் அடியில் நுழைந்துவிட இடம் இருக்கக் கூடாது.

அடியில் நுழைந்துவிட இடம் இருக்கக் கூடாது! என் திண்ணையில் நடந்ததை 200 ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் எங்கோ ஒரு நாய்க்கொட்டிலில் கண்டிருக்கிறார். மூட்டு தேய்ந்த கிழ நாயால் ஒன்றரை அடி தாவ முடியாது. தாவ முடியாத நாய்க்கு அந்த உயரத்தின் அடியே நிழலும் மறைவும் ஆகிவிட்டது. குற்றம் நாயினுடையது அன்று, தச்சனுடையதும் அன்று. வாங்கியவன் படுப்பவனை எண்ணாமல் பார்ப்பவனை எண்ணி வாங்கினான்.

படித்ததைச் செய்து பார்க்க வேண்டுமே! எங்கள் ஊரில் கட்டில் பின்னும் முதியவர் ஒருவர் இருக்கிறார். கயிற்றுக் கட்டில், நாடாக் கட்டில் இரண்டிலும் கைதேர்ந்தவர். அவரிடம் சென்று, சிறு கட்டில் ஒன்று வேண்டும் என்றேன்.

“யார் படுப்பதற்கு, அண்ணாச்சி?” என்று கேட்டார்.

சிறிது வெட்கத்தோடு, நாய்க்கு என்றேன். அவர் சிரிக்கவில்லை.

“அப்படியானால் படுக்கிறவனைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். ஆளைப் பார்க்காமல் அளவு சொல்ல முடியாது” என்றார்.

மறுநாள் வீரனை அழைத்துச் சென்றேன். அவன் கடை வாயிலில் காலை நீட்டி ஒருக்களித்துப் படுக்கும் வரை அம்முதியவர் காத்திருந்தார். பிறகு மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை கயிற்றால் அளந்து, அதற்குமேல் ஒரு சாண் சேர்த்தார். நீட்டிய காலின் அளவை அகலத்துக்குக் கொண்டார். சுருண்டு படுக்கும் நாய்க்கு இவ்வளவு வேண்டாம் என்றும், கோடையில் எல்லா நாயும் காலை நீட்டும், அந்த அளவையே கொள்ள வேண்டும் என்றும் சொன்னார். உயரத்துக்கு வீரனின் முன்னங்காலைப் பார்த்து, முக்கால் அடிக்கு மேல் வேண்டா என்று முடிவு செய்தார்.

நான் கயிற்றுப் பின்னலையே எதிர்பார்த்தேன். அவர் மறுத்துவிட்டார். கயிற்றின் கண்ணில் நாயின் நகம் மாட்டும். திடுக்கிட்டு இழுத்தால் விரல் முறியும். பெரிய கண்ணாக இருந்தால் காலே உள்ளே இறங்கிவிடும் என்றார். மரச்சட்டத்தையும் மறுத்தார். மரத்தின் பொருத்துகளில் உள்ள இடுக்குகளே உண்ணிக்கு வீடு என்றார். இது அவர் கையறிவால் கண்டது. அறிவியலும் இதையே சொல்கிறது. நாயைப் பற்றும் பழுப்பு நிற உண்ணி எப்போதும் நாயின் உடம்பிலேயே இருப்பதில்லை. குருதி குடித்துப் பருத்த பின் கீழே இறங்கி, சுவர்ப் பிளவிலும் மர இடுக்கிலும் ஒளிந்து முட்டையிடுகிறது. தெள்ளுப்பூச்சியின் முட்டையோ ஒட்டும் தன்மை இல்லாதது. நாயின் மயிரிலிருந்து உதிர்ந்து படுக்கையில் விழுகிறது. அதிலிருந்து வரும் புழு ஒளிக்கு அஞ்சிப் பஞ்சின் ஆழத்துக்குள் புகுகிறது. ஆகவே நாய்க்கு மருந்து போட்டுப் படுக்கையை அப்படியே விடுவது, பயிரை அறுத்து விதையை நிலத்தில் விடுவதைப் போன்றது. துவைக்க முடிவது என்பது நாகரிகத்துக்காகக் கேட்கும் வசதி அன்று. நோய் தடுக்கும் முறை.

முடிவில், இரும்புக் குழாயைத் துருப்பிடிக்காதபடி துத்தநாகப் பூச்சிட்டுச் சட்டமாக அமைத்தோம். அதன்மேல் வலைபோல் நெய்த, மெழுகுபூசியது போன்ற செயற்கை இழைத் துணியை இழுத்துக் கட்டினோம். இந்தத் துணிக்கும் வரலாறு உண்டு. அமெரிக்காவின் டூபாண்டு நிறுவனத்தில் வாலசு கரோதர்சு என்பவரின் குழு 1935-ஆம் ஆண்டில் நைலானை உருவாக்கியது. 1938-இல் அது உலகுக்கு அறிவிக்கப்பட்டது. இங்கிலாந்தில் வின்ஃபீல்டு, டிக்சன் என்னும் இருவர் 1941-இல் டெரிலீன் இழையைக் கண்டனர். பருத்தியும் சணலும் ஈரத்தை உறிஞ்சி மெல்ல மக்குகின்றன. இவ்விழைகளோ மிகக் குறைவாகவே நீரை ஏற்கின்றன. நெகிழிப் பூச்சு இட்ட வலைத் துணியில் ஊற்றிய நீர் வடிந்து, சிறிது நேரத்தில் உலர்ந்துவிடுகிறது. இடைவெளி விட்ட பலகையைப் பெக்ஃபோர்டு எதற்காகக் கேட்டாரோ அதே வேலையை இந்தத் துணியின் கண்கள் செய்கின்றன. ஆனால் பலகையின் கடினம் இதில் இல்லை. துணி நெகிழ்ந்து உடலின் பாரத்தைப் பரவலாகத் தாங்குவதால், முழங்கையின் ஒரு முனையில் இடி விழுவதில்லை.

இத்தகைய ஆயத்தக் கட்டில்கள் இன்று கடைகளிலும் கிடைக்கின்றன. அவற்றை வாங்குவோர்க்கு, நான் பிழைபட்டுக் கற்றவற்றைச் சொல்லிவிடுகிறேன். முதலில், கட்டில் எத்தனை கிலோ தாங்கும் என்று கேளுங்கள். நாயின் எடையைவிட அது மிகுதியாக இருக்க வேண்டும். ஏனெனில் நாய் மெல்ல உட்காருவதில்லை, தாவி விழுகிறது. துணியின் விளிம்பு சட்டத்துக்குள் மறைந்திருக்கிறதா என்று பாருங்கள். விளிம்பு வெளியே தெரிந்தால் கடிக்கும் நாய்க்கு அங்கே தொடக்கம் கிடைத்துவிடும். துணியை மட்டும் கழற்ற முடியுமா, கிழிந்தால் மாற்றுத் துணி தனியே கிடைக்குமா என்று கேளுங்கள். சட்டம் பத்து ஆண்டு நிற்கும், துணி அவ்வளவு நிற்காது. துணிக்காகச் சட்டத்தையும் எறிய நேர்ந்தால் அது நீடித்து உழைக்கும் பொருள் ஆகாது. கால்களுக்கு ரப்பர்க் குமிழ் இருக்க வேண்டும். ஏறும்போது ஒருமுறை வழுக்கி நகர்ந்த கட்டிலில் நாய் மறுமுறை ஏற அஞ்சும். இறுதியாக, கடையிலேயே ஒரு குவளை நீரைத் துணியின்மேல் ஊற்றிப் பாருங்கள். குளமாகத் தேங்கினால் வாங்க வேண்டா.

இக்கட்டிலுக்கும் குறை உண்டு. கோடையில் அடியில் ஓடும் காற்று நாய்க்கு நலம் செய்கிறது. நம்மைப்போல் உடல் முழுதும் வியர்த்துக் குளிர முடியாத உயிர் அது. அதே காற்று மார்கழி இரவில் கிழ நாயின் எலும்பைக் குளிர வைக்கும். அதற்கு மேலே ஒரு தடித்த விரிப்பு வேண்டும். அது உறையோடு கூடியதாக, வாரம் ஒருமுறை வெந்நீரில் துவைத்து வெயிலில் உலர்த்தத் தக்கதாக இருக்க வேண்டும். உடல் மிக மெலிந்த நாய்க்கும், புண் உள்ள நாய்க்கும் துணி மட்டும் போதாது. மெல்லிய பஞ்சணை ஒன்றும் வேண்டும். புண்ணை மருத்துவரே பார்க்க வேண்டும்.

கட்டில் வந்த முதல் இரண்டு நாளும் வீரன் அதை மோந்து பார்த்துவிட்டு அப்பால் சென்றான். தூக்கி வைக்க வேண்டா என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அவன் பழைய இடத்திலேயே கட்டிலை வைத்து, அவனுடைய பழைய சாக்குத் துணியை அதன்மேல் விரித்தேன். மரக்கட்டிலை உள்ளறைக்கு எடுத்துப் போய்விட்டோம். ஆரியனின் சொல்லை நினைத்து, மூன்றாம் இரவு நானும் திண்ணையில் பாய் விரித்துப் படுத்தேன். நடுச்சாமத்தில் நகங்களின் ஒலி கேட்டது. வீரன் ஒரு முன்னங்காலை எடுத்து வைத்தான், நின்றான், மற்றொன்றையும் வைத்தான். பின்னர் இரண்டு சுற்றுச் சுற்றி, பெருமூச்சு விட்டுப் படுத்தான். விடியும் வரை எழுந்திருக்கவில்லை.

வீக்கம் சில மாதங்களில் வற்றியது. காய்த்த தோல் மட்டும் மாறவில்லை. அதன் பிறகு அவன் இரண்டு ஆண்டுகள் இருந்தான். ஒன்பது ஆண்டுகள் எங்களைக் காத்தவனுக்கு இரண்டு ஆண்டுகளே ஒழுங்கான படுக்கை கிடைத்தது என்ற கணக்கு இன்னும் என் மனத்தில் உறுத்திக்கொண்டிருக்கிறது. வேட்டை நாய்க்கு ஓரடிப் பலகை வேண்டும் என்று 600 ஆண்டுகளுக்கு முன்பே எழுதி வைத்திருந்தார்கள். நான் அந்நூலைப் படித்திருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. ஓர் இரவு விளக்கை எடுத்துக்கொண்டு திண்ணைக்குப் போயிருந்தால் போதும்.

இப்போது அந்தச் சட்டத்தில் இரண்டாவது துணி கட்டியிருக்கிறோம். அதன்மேல் வேறொரு நாய் படுக்கிறது. இது வீரனைவிடச் சற்றுக் குட்டை. ஆகவே இதையும் அந்த முதியவரிடம் அழைத்துச் சென்று, படுக்க வைத்து அளந்து, கால்களில் இரண்டு விரற்கடை குறைத்துக்கொண்டு வந்தேன். உங்கள் வீட்டுத் திண்ணையிலும் ஒரு நாய் இருக்கலாம். கடைக்குப் போவதற்கு முன், இன்றிரவு அது எங்கே, எப்படிப் படுக்கிறது என்று ஒருமுறை சென்று பாருங்கள்.